மூன்று முறை அறுந்த காகிதம்

கடந்த ஆண்டு தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தபோது ஒரு புதன்கிழமை, காலை 9.20 மணி. சிங்கப்பூரின் துவாஸில் ஓர் அச்சகத்தின் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். முதலில் கண்ணில் பட்டவை கதவை ஒட்டி நிமிர்ந்து நின்ற காகித ரீல்கள். மொத்தம் ஆறு. இடுப்பு உயரம், மேலே தட்டையான வட்டம். நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம் போல் இருந்தது ஒவ்வொன்றும். ஐந்து ரீல்களுக்குப் பழுப்பு உறை போட்டிருந்தது. வரிசையின் கோடியில், இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஆறாவதற்கு மட்டும் உறை பிரித்திருந்தார்கள்.

நான் சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடையின் விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் பதினோரு ஆண்டுகள் ஒரு நாளிதழில் பிழை திருத்தினேன். தீபாவளிக்குத் தீபாவளி எங்கள் கடை முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு வண்ணக் கையேடு போடும். அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் வரும் சில தாள்களை வாடிக்கையாளர் நேரில் பார்த்து, நிறம் சரி, எழுத்து சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் முழு வேகத்தில் ஓட்டுவார்கள். அன்று அதற்காகத்தான் சுவா சூ காங் வீட்டிலிருந்து நேராக அங்கே போயிருந்தேன்.

கேன்டீனில் ஒரு தே பெங், அதாவது ஐஸ் போட்ட தேநீர், வாங்கி, ஐஸ் கலகலக்கும் சத்தத்தோடு வந்துகொண்டிருந்தேன். பாதி கூடக் குடிக்கவில்லை. அதற்குள் இயந்திரப் பொறுப்பாளர் தலையை நீட்டினார்.

“மேடம், ஷீட் ரெடி. வாங்க வாங்க, மிஷின் உங்களுக்காகத்தான் நிக்குது.”

உணவு, பானம் கூடாது என்று தாள் பார்க்கும் அறையின் கதவில் நான்கு மொழிகளிலும் எழுதியிருந்தது. கப்பை அந்த உறை பிரித்த ரீலின் மேல் வைத்துவிட்டு, உணவங்காடியில் இடம் பிடிப்பது போல் பக்கத்தில் ஒரு டிஷ்யூ பொட்டலத்தையும் வைத்துவிட்டுப் போனேன். இரண்டு நிமிட வேலை என்று நினைத்தேன். இருபத்தைந்து நிமிடம் ஆனது. திரும்பி வந்து, கப்பை எடுத்து, ரீலை டிஷ்யூவால் துடைத்துவிட்டு, வெளியே போய் மீதியைக் குடித்து முடித்தேன். கப்பைக் குப்பையில் போட்டேன்.

அந்த இயந்திரத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு முனையில் ரீல் சுழல்கிறது. காகிதம் நான்கு அச்சுக் கோபுரங்களுக்குள் நுழைந்து, இருபுறமும் நிறம் வாங்கிக்கொண்டு, ஒரு நீண்ட அடுப்புக்குள் போகிறது. உள்ளே எதையும் தொடாமல் சூடான காற்றில் மிதந்தபடியே காய்கிறது. பிறகு குளிர்ந்த உருளைகளில் ஏறி இறங்கி, மறுமுனையில் மடிந்து புத்தகமாக விழுகிறது. அதாவது ரீலிலிருந்து மடிப்பு வரை ஒரே நாடா. நொடிக்கு எட்டு, ஒன்பது மீட்டர் ஓடும் நாடா. அதை எந்த அளவு இழுத்துப் பிடிப்பது என்பதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. அதிகம் இழுத்தால் அறும். தளர்ந்தால் நான்கு நிறங்களும் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது. இன்னும் தளர்ந்தால் காகிதம் உருளையில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

முதல் இழுவையைப் பார்த்துக்கொள்பவர் ரீல்காரர். நாற்பதைத் தாண்டிய மனிதர். ஜோகூரிலிருந்து விடியுமுன் கிளம்பி, இரண்டாம் பாலம் வழியாக மோட்டார் சைக்கிளில் வருபவர். அவர் பக்கத்தில் காகிதத்தின் மேல் ஓர் உருளை சாய்ந்து, இறுகினால் ஏறியும் தளர்ந்தால் இறங்கியும் அசைந்துகொண்டிருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

“டான்சர்க்கா. ஆடாம நின்னாத்தான் நல்ல டான்சர்” என்றார்.

பத்தே காலுக்கு, உறை பிரித்து வைத்திருந்த அந்த ரீலை ஏற்றினார்கள். ஏற்றும் முன் அவர் அதை ஒரு மரக்கட்டையால் அங்கங்கே தட்டிக் காது கொடுத்ததையும், இரண்டு பக்கங்களையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்ததையும் கவனித்தேன். சற்று நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த காகிதத்தின் முடிவில் புதிய ரீல் தானாக ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடம் எந்தக் குறையும் இல்லை.

10.36. ‘டப்’ என்று ஒரு சத்தம். தடியான துணியைக் கிழித்தது போல் இருந்தது. சைரன் கத்தியது, இரைச்சல் படிப்படியாக இறங்கி நின்றது. அடுப்பைத் திறந்தபோது கருகிய காகித வாசனை வந்தது. உள்ளே சிக்கிய துண்டுகளை இழுத்துப் போட்டு, புதிய முனையைக் கோபுரம் கோபுரமாக நுழைத்து, மறுபடி ஓட வைக்க நாற்பது நிமிடம் ஆனது.

11.22. மறுபடியும் அறுந்தது.

பொறுப்பாளர் ரீல் பக்கம் நடந்து போனார். குரலை உயர்த்தவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது.

“டென்ஷன் எத்தனை வெச்சிருக்க?”

“முப்பத்தி நாலுண்ணே. இந்தப் பேப்பருக்கு எப்பவும் வெக்கிறதுதான்.”

“எப்பவும் அறுக்குறதில்லையே.”

“நான் என்னண்ணே, கத்தரி வெச்சா அறுக்குறேன்?”

“பேசு லா. வாய் மட்டும் அறாது உனக்கு.”

12.10-க்கு மூன்றாவது முறை. இந்தத் தடவை பொறுப்பாளர் எதுவும் கேட்கவில்லை. தானே திரையில் இழுவையை 34-இலிருந்து 30 ஆக்கினார். ரீல்காரர் ஒதுங்கி நின்றார். ஐந்து நிமிடம் ஓடியது, பத்து நிமிடம் ஓடியது. அந்த ரீல் முடிந்தது, அடுத்த ரீல் ஏறியது, அதுவும் ஓடியது. 34-இல் மூன்று முறை அறுந்தது, 30-இல் ஒரு முறை கூட அறவில்லை. அங்கிருந்த எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. எனக்கும்தான்.

ஒன்றை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு முறை அறுந்ததும் ரீல்காரர், சிக்கல் எடுக்கும் அவசரத்திலும், கிழிந்த இடத்தின் இரு முனைகளையும் ஒரு முழம் அளவுக்கு வெட்டி எடுத்து, நேரத்தையும் ரீல் எண்ணையும் எழுதிச் சுவர்ப்பலகையில் ஒட்டினார். காகிதத்தில் குறை என்றால் ஆலைக்காரர்களிடம் காட்டுவதற்கு. அது அங்கே வழக்கம். அன்று அந்தத் துண்டுகள் தனக்கே எதிரான சாட்சியாகத் தெரிந்தபோதும் அவர் ஒன்றையும் விடவில்லை.

ஒன்றரை மணிக்கு, தொழுகை முடித்துத் திரும்பிய மேலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். நான் காலையில் கையெழுத்திட்ட ஒப்புதல் தாளில் ‘குறிப்பு’ என்று ஓர் இடம் இருந்தது.

“என்ன நடந்துச்சோ அதை ஒரு வரி எழுதுங்க மேடம். கஸ்டமர் எழுதினாத்தான் மேல எடுபடும்.”

எழுதினேன். ‘ரீல் பகுதிப் பணியாளரின் கவனக்குறைவால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம்.’ தேதி, கையெழுத்து.

அவர் அதை வாசித்துவிட்டு, மேசையில் இருந்த இன்னொரு படிவத்தின் மேல் வைத்தார்.

“அவர் மேல இது ரெண்டாவது புகார். போன மாசம் ஒண்ணு இருக்கு. மாசக் கடைசியில அவர் வேலை பர்மிட் முடியுது. புதுப்பிக்கச் சொல்லி நான் இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். இனிமே எப்படி அனுப்புறது?”

எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் நான் பொய் எழுதவில்லையே என்று சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

அலுவலகத்துக்குக் கொண்டுபோக இருபது பிரதிகளை எடுத்துக்கொண்டேன். பழக்கதோஷத்தில் நின்றபடியே புரட்டினேன். பதினான்காம் பக்கத்தில் விலை எண்கள் சிறியவை. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் மெல்லிய சிவப்பு நிழல் இருந்தது. காலையில் நான் ஒப்புக்கொண்ட தாளை எடுத்துப் பார்த்தேன். அதில் நிழல் இல்லை. பொறுப்பாளரிடம் காட்டினேன்.

“டென்ஷன் குறைச்சா கொஞ்சம் விளையாடும் மேடம். சரி பண்ணிட்டே இருக்கேன். அறுந்து போறதுக்கு இது பரவாயில்ல பாருங்க.”

அப்படியானால் அச்சு சரியாக விழுந்தது ரீல்காரரின் எண்ணில். நகர்வது இந்த எண்ணில். சரியான எண்ணில் ஏன் அறுந்தது? நாளிதழில் இருந்தபோது, காரணம் இன்னது என்று ஒரு வாக்கியம் வந்து, அதை யார் சொன்னார்கள், எப்படித் தெரியும் என்ற விவரம் இல்லாவிட்டால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவேன். அரை மணி நேரத்துக்கு முன் அப்படிப்பட்ட ஒரு வாக்கியத்தை நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

சுவர்ப்பலகைக்குப் போனேன். மணி 2.25. மூன்று நேரங்கள், மூன்று கிழிசல்கள். மூன்றுமே காகிதத்தின் ஒரே விளிம்பில் தொடங்கியிருந்தன. விளிம்பில், கிழிசல் தொடங்கிய இடத்தில் நகம் அளவுக்கு ஒரு கறை. அங்கே பளபளப்பு போய், மேல்பூச்சு உரிந்திருந்தது. கொஞ்சம் தள்ளி அதே போல் இன்னொரு கறை. பையில் எப்போதும் ஓர் இரும்பு அளவுகோல் வைத்திருப்பேன். முதல் துண்டில் இரு கறைகளுக்கும் இடையே மூன்று சென்டிமீட்டர். இரண்டாவதில் ஆறு. மூன்றாவதில் நான்கு.

துண்டுகளை எடுத்து, நேர வரிசைப்படி ஒன்றன் கீழ் ஒன்றாக, இடைவெளி விட்டு மேசையில் வைத்தேன். குறுகி, அகன்று, மறுபடி குறுகின. அது ஏன் என்று உடனே பிடிபடவில்லை. தலையைத் தூக்கினேன். கதவருகே ஒரே ஒரு ரீல்தான் மிச்சம் நின்றது. அதன் மேல் யாரோ ஒட்டுநாடாச் சுருள் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பெரிய வட்டத்தின் மேல் ஒரு சின்ன வட்டம்.

அப்போதுதான் எனக்கு என் கப் நினைவுக்கு வந்தது.

ரீலின் மேற்புறம் என்பது ஆயிரக்கணக்கான சுற்றுகளின் விளிம்புகள். அதன் மேல் வேர்த்துப்போன ஒரு கப்பை வைத்தால் அடியில் ஒரு நீர் வளையம். நான் துடைத்தது மேலே தெரிந்த ஈரத்தை. மீதி சுற்றுகளுக்கு நடுவே இறங்கி, பூச்சை இளக்கி, ஒரு சுற்றை அடுத்த சுற்றோடு ஒட்டிவிட்டிருக்கிறது. வளையத்தைக் கடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு கறைகள். வட்டத்தின் ஓரத்தில் நெருங்கியும் நடுவில் விலகியும் இருக்கும். அந்த வட்டம் கழியும் வரை காகிதம் அறுந்தது. கழிந்த பிறகு அறவில்லை. எண்ணைக் குறைத்த நேரமும் வட்டம் முடிந்த நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன, அவ்வளவுதான்.

கேன்டீனுக்குப் போய், காலையில் தந்தது போல் ஒரு காலிக் கப் கேட்டேன்.

“காலிக் கப்பா? டயட்டாக்கா?” என்று சிரித்தார் கடைப் பெண்.

கப்பைக் கொண்டுவந்து இரண்டாவது துண்டின் விளிம்பில் வைத்தேன். அடிப்பக்கம் இரு கறைகளையும் சரியாகத் தொட்டது.

மூன்று துண்டுகளையும் சுருட்டிக் குப்பையில் போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் வரவில்லை என்று சொல்ல மாட்டேன். கப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து ரீல்காரர் தெரிந்தார். உறை பிரித்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, இன்னும் கிளம்பலியா? பஸ் கூட்டமாயிடும்” என்றார். நான் மேலாளர் அறைக்கு நடந்தேன்.

கப்பையும் துண்டுகளையும் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். முடித்ததும் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

“பர்மிட் விஷயத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது. பாவம் பார்த்து உங்க மேல போட்டுக்கிறீங்களோன்னு இருக்கு மேடம்.”

நான் எதிர்பார்க்காதது அது. உண்மையைச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன். மதியம் நான் எழுதிய வரிக்கு ஆதாரம் கேட்காத மனிதர் இப்போது கேட்டார். பொறுப்பாளரைக் கூப்பிட்டார். பொறுப்பாளர் கறைகளைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

“தண்ணிதான். ஆனா என் முப்பதுல ஓடுதே.”

“கடைசி ரீல் ஒண்ணு இருக்குல்ல” என்றேன். “அதை அவரோட முப்பத்தி நாலுல ஓட்டிப் பாருங்க.”

“அறுந்தா? மறுபடி நாப்பது நிமிஷம். யார் பொறுப்பு?”

“என் கடை வேலைதானே. நான் கையெழுத்துப் போடுறேன்.”

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “ஓடி முடியட்டும். முடிஞ்சா அனுப்புறேன். நடுவுல அறுந்தா என்கிட்ட வராதீங்க.”

ரீல்காரரிடம் யாரும் எதுவும் விளக்கவில்லை. “முப்பத்தி நாலு வை” என்றார் பொறுப்பாளர். அவர் ஒருமுறை எங்கள் மூவரையும் பார்த்தார். மரக்கட்டையை எடுத்துத் தட்டினார். இரு பக்கங்களையும் தடவினார். மறுபடியும் தடவினார்.

3.30-க்கு ரீல் ஒட்டிக்கொண்டது. நான் டான்சருக்கு நேரே நின்றேன். முப்பத்தைந்து நிமிடம். அந்த உருளை ஒரு விரல்கடை ஏறும், ஒரு விரல்கடை இறங்கும். நான் பார்த்தது அதை மட்டுமே. பத்தாவது நிமிடத்தில் அது சட்டென்று துள்ளியது. என் கை தானாகக் கம்பியைப் பிடித்தது. ரீல்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வேகம் ஏத்துறாங்கக்கா. இப்ப அடங்கிடும்.”

அடங்கியது. பதினைந்து, இருபது, முப்பது. ரீல் மெலிந்துகொண்டே வந்தது. மறுமுனையிலிருந்து பொறுப்பாளர் ஒரு பிரதியைக் கொண்டுவந்து பதினான்காம் பக்கத்தைத் திறந்து என்னிடம் நீட்டினார். எண்கள் தனித்தனியாக, கறுப்பாக, நிழல் இல்லாமல் இருந்தன. 4.06-க்கு ரீலின் கடைசிச் சுற்று கழன்று, அட்டைக் குழல் மட்டும் சுழன்று நின்றது.

மேலாளர் அறையில் நான் எழுதிய வரியை அளவுகோல் வைத்து அடித்தேன். கீழே எழுதினேன்: ‘தாமதத்துக்குக் காரணம், வாடிக்கையாளரான நான் ரீலின் மேல் வைத்த தே பெங் கப். ரீல் பகுதிப் பணியாளரிடம் தவறு இல்லை.’ அவர் வாசித்துவிட்டு, படிவத்தில் கையெழுத்துப் போட்டு, என் எதிரிலேயே கணினியில் அனுப்பினார். மணி 4.31.

பிறகு நான் வெளியே போய் ரீல்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் பர்மிட்டைப் பற்றி முதலில் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“தடவிப் பார்த்தேன்க்கா. காஞ்சுதான் இருந்துச்சு. காலையில இருந்து மனசுல அதான் ஓடிக்கிட்டிருக்கு. பதினெட்டு வருஷமா இந்தக் கையை நம்பித்தான் ஓட்டுறேன். இது போச்சுன்னா நாளைக்கு எப்படி நிக்கிறதுன்னு.”

பிறகு அவரே தொடர்ந்தார்.

“அடுத்த வருசம் வந்தா கோப்பி ஓ குடிங்க. சூடு கப் வேர்க்காது.”

பின்னாலிருந்து பொறுப்பாளர், “அதையும் வெளிய வெச்சுக் குடிக்கச் சொல்லு” என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “இந்தப் பேப்பருக்கு முப்பத்தி நாலுன்னு எழுதி ஒட்டிடு” என்றார். என்னைப் பார்த்தபடிதான் பேசினார். ஆனால் சொன்னது ரீல்காரரிடம்.

துவாஸிலிருந்து ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. ஜூரோங் வரும் வரை கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். தூங்கவில்லை. நடுவில் ஒரு தடவை சிரித்தும் இருக்க வேண்டும். எதிரே இருந்த பள்ளிப் பிள்ளை என்னைப் பார்த்தது. மறுநாள் கடையில் விஷயத்தைச் சொன்னபோது முதலாளி, “இனி அங்க தண்ணி கூடக் குடிக்காதீங்க” என்றார். அவ்வளவோடு விட்டார்.

இந்த ஆண்டு கையேட்டுக்கும் அதே அச்சகத்துக்குப் போனேன். உறை பிரித்த ரீல்களின் மேல் இப்போது தடித்த அட்டையில் கூம்பு மாதிரி ஒரு தொப்பி போட்டிருக்கிறார்கள். எதையும் வைக்க முடியாது, வைத்தால் வழுக்கிவிடும். யோசனை ரீல்காரருடையது. அவர்தான் ரீலை உருட்டிக்கொண்டு வந்தார். ‘காரணம்’ என்ற சொல்லை எழுத வேண்டி வரும்போதெல்லாம், அந்த நேரத்தில் என் கை எங்கே இருந்தது என்று ஒருமுறை யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இரண்டாவது துண்டை மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்தேன். என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. இரு கறைகளுக்கும் இடையே ஆறு சென்டிமீட்டர்.